லினக்ஸில் காணொளி: பதிவு செய்வது, மாற்றுவது, பார்ப்பது

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையை, ஒரு புள்ளிக்கு 24 பிட் என்ற அளவில், நொடிக்கு 30 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) வீதம் சுருக்காமல் சேமித்தால், ஒரே நொடிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட் ஆகும். ஒரு நிமிடத்துக்கு 11 கிகாபைட்டைத் தாண்டிவிடும். அதனால்தான் நம் கைக்கு வரும் எல்லாக் காணொளியும் சுருக்கப்பட்டதாகவே வருகிறது. சுருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது என்று கருதப்படும் நுணுக்கங்கள் கழித்துக்கட்டப்படுகின்றன, அவை திரும்பி வருவதில்லை. சுருக்கியதை அவிழ்த்து மறுபடி சுருக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கொள்கையைப் பின்பற்றுகிறது: பதிவை நல்ல தரத்தில் எடுக்க வேண்டும், மறுசுருக்கத்தை இயன்றவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் ஒரே ஒரு முறை செய்ய வேண்டும்.

இங்கே பேசப்படும் கருவிகள் அனைத்தும் கட்டற்ற மென்பொருள்கள். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் உரிமைக்கும் ஒரே சொல் இருப்பதால் அங்கே ஓயாமல் விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்பதால் அந்தச் சிக்கல் நமக்கு இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. மென்பொருள் கட்டற்றதாக இருந்தாலும், அது கையாளும் சுருக்கமுறை காப்புரிமைக்கு உட்பட்டதாக இருக்கலாம். எச்.264 முறைக்குச் சுருக்கும் எக்ஸ்264 நிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது, எச்.264 முறையோ காப்புரிமைகளால் சூழப்பட்டது. சில லினக்ஸ் வழங்கல்கள் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகளில் சில) முதல் நாளே சில காணொளிகளை இயக்க மறுப்பதற்கு இதுவே காரணம்.

கட்டளைகளைப் பற்றி ஒரு குறிப்பு. கீழே வரும் கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். கோப்பின் பெயர் மட்டும் (புள்ளிக்குப் பின்வரும் பகுதி தவிர) தமிழிலேயே இருக்கலாம், லினக்ஸுக்கு அதில் எந்தத் தயக்கமும் இல்லை.

பெட்டி வேறு, உள்ளே இருப்பது வேறு

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்திலிருந்து பிறக்கின்றன. எம்பி4, எம்கேவி, வெப்எம் என்பன சுருக்கமுறைகள் அல்ல, அவை பெட்டிகள். பெட்டிக்குள் காட்சி ஒரு தடமாகவும், ஒலி ஒன்று அல்லது பல தடங்களாகவும், வசன வரிகள் தனித் தடமாகவும் இருக்கும். ஒவ்வொரு தடமும் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வதுதான் கோடெக். காட்சிக்கு 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265, அதே ஆண்டில் வந்த விபி9, 2018-இல் வெளியான ஏவி1 ஆகியவை பரவலாகப் புழங்குகின்றன. ஒலிக்கு ஏஏசி, ஓபஸ் போன்றவை. எம்கேவி பெட்டியின் முழுப்பெயரான மட்ரோஸ்கா, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்யப் பொம்மையின் பெயரைத் தழுவியது. ஏறக்குறைய எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளும் அந்தப் பெட்டிக்கு அது பொருத்தமான பெயர்தான்.

இந்த வேறுபாடு புரிந்துவிட்டால், “எம்கேவி கோப்பை எம்பி4 ஆக்க வேண்டும்” என்ற வேலை இரண்டு வகைப்படும் என்பது தெளிவாகும். பெட்டியை மட்டும் மாற்றுவது சில நொடி வேலை, தரத்தில் எள்ளளவும் குறையாது. உள்ளே இருப்பதை மறுபடி சுருக்குவது பல நிமிடங்கள், சில வேளை பல மணிநேரம் பிடிக்கும் வேலை, தரமும் குறையும். முதலாவது போதுமான இடத்தில் பலர் இரண்டாவதைச் செய்துகொண்டு, கணினி சூடாவதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள்.

முதல் படி: கருவிகளை நிறுவுதல்

நான்கு கருவிகள் போதும். பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ, மாற்றுவதற்கு எஃப்எஃப்எம்பெக், கட்டளை எழுத விரும்பாத நேரங்களுக்கு ஹேண்ட்பிரேக், பார்ப்பதற்கு விஎல்சி அல்லது எம்பிவி. உபுண்டு, டெபியன் வழங்கல்களில் ஏபிடி என்ற நிறுவல் கட்டளையின் வழியாகவே இவை அனைத்தும் கிடைக்கும். வழங்கலின் களஞ்சியத்தில் (மென்பொருள்களை வைத்திருக்கும் சேமிப்பிடத்தில்) உள்ள பதிப்பு பழையதாக இருந்தால் ஓபிஎஸ்ஸையும் ஹேண்ட்பிரேக்கையும் ஃபிளாட்ஹப் தளத்திலிருந்து, எந்த வழங்கலிலும் ஓடும் ஃபிளாட்பேக் வடிவில் நிறுவிக்கொள்ளலாம்.

ஃபெடோராவில் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. அதன் அடிப்படைக் களஞ்சியத்தில் உள்ளது காப்புரிமைச் சிக்கலுள்ள பகுதிகள் நீக்கப்பட்ட ‘எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ’ தொகுப்பு. முழுமையானது வேண்டுமானால் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஓபன்சூசேயில் அந்த இடத்தில் பேக்மேன் களஞ்சியம் இருக்கிறது. உபுண்டுவில் நிறுவும்போதே மூன்றாம் தரப்பு ஊடக ஆதரவைச் சேர்க்கும் பெட்டியில் குறியிட்டிருந்தால் வேலை முடிந்தது; இல்லாவிட்டால் ‘உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ்’ தொகுப்பைப் பின்னர் நிறுவலாம்.

அடுத்து, சாளரங்களைத் திரையில் காட்டும் இரண்டு அமைப்புகளில் உங்கள் திரை அமர்வு ஓடுவது வேலண்டா, எக்ஸ்11-ஆ என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமைப்புகளில் ‘இந்தக் கணினியைப் பற்றி’ என்ற பக்கத்தில் இது எழுதியிருக்கும். எக்ஸ்11-இல் எந்த நிரலும் திரை முழுவதையும் எட்டிப் பார்க்க முடியும். வேலண்ட் அதை அனுமதிப்பதில்லை. திரையைப் பதிவு செய்ய விரும்பும் நிரல் மேசைச்சூழலிடம் (க்னோம், கேடிஇ போன்றவை) அனுமதி கேட்க வேண்டும், பயனர் சம்மதித்த பிறகு பைப்வயர் என்ற சேவையின் வழியே காட்சி வந்து சேரும். பாதுகாப்பு நோக்கில் இது சரியான ஏற்பாடு. ஆனால் பல பழைய திரைப்பதிவுக் கருவிகள் எக்ஸ்11-ஐ மட்டுமே நம்பி எழுதப்பட்டவை. சிம்பிள்ஸ்கிரீன்ரெக்கார்டர் இன்றும் பலரும் பரிந்துரைக்கும் நல்ல கருவிதான், ஆனால் அது எக்ஸ்11 அமர்வுக்கு உரியது.

இரண்டாம் படி: திரையைப் பதிவு செய்தல்

இரண்டு நிமிடச் செயல்விளக்கம் மட்டும் வேண்டுமென்றால் எதையும் நிறுவத் தேவையில்லை. 2022-இல் வெளியான க்னோம் 42 முதல், பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினால் வரும் பட்டையிலேயே திரைப்பதிவும் இருக்கிறது. கேடிஇ மேசைச்சூழலின் புதிய பதிப்புகளில் ஸ்பெக்டக்கிள் அதே வேலையைச் செய்கிறது. குரல், பல காட்சிமூலங்கள், தரக் கட்டுப்பாடு எல்லாம் வேண்டுமென்றால் ஓபிஎஸ்தான்.

ஓபிஎஸ்ஸை முதன்முறை திறக்கும்போது எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்கும். நேரலைக்கு அல்ல, பதிவுக்கே முன்னுரிமை என்று சொல்லுங்கள். கீழே உள்ள ‘மூலங்கள்’ பகுதியில் கூட்டல் குறியை அழுத்தினால் பட்டியல் விரியும். வேலண்டில் இருந்தால் பைப்வயர் என்று குறிப்பிட்டிருக்கும் திரைப்பிடிப்பையும், எக்ஸ்11-இல் இருந்தால் எக்ஸ்எஸ்எச்எம் என்று குறிப்பிட்டிருக்கும் திரைப்பிடிப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலண்டில் தேர்ந்தெடுத்தவுடன் எந்தத் திரை, எந்தச் சாளரம் என்று கேட்கும் பெட்டி ஒன்று வரும். அது ஓபிஎஸ்ஸின் பெட்டி அல்ல, மேசைச்சூழல் கேட்கும் அனுமதி. அந்தப் பெட்டி வராமல் கறுப்புத் திரை மட்டுமே தெரிந்தால், வேலண்ட் அமர்வில் எக்ஸ்11 மூலத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அல்லது உங்கள் மேசைச்சூழலுக்கான எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று பொருள்.

பிறகு அமைப்புகளில் ‘வெளியீடு’ பக்கத்துக்குச் செல்லுங்கள். பதிவுத் தரத்தை, கண்ணுக்கு வேறுபாடு தெரியாத அளவு என்று விவரிக்கப்பட்டிருக்கும் நிலையில் வையுங்கள். கோப்பு பெரிதாகத்தான் இருக்கும், இருக்கட்டும். பின்னர் ஒரு முறை சுருக்கப் போகிறோம். சுருக்கும் பொறியாக எக்ஸ்264-ஐத் தேர்ந்தெடுத்தால் வேலை மையச் செயலியின் மீது விழும். வரைவியல் செயலியே காணொளியைச் சுருக்க உதவும் விஏ-ஏபிஐ அல்லது என்விஎன்க் ஆதரவு இருந்தால், அந்த வன்பொருள் பொறியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதே கோப்பளவில் எக்ஸ்264 தரும் நுணுக்கம் அதில் சற்றுக் குறையலாம், ஆனால் பதிவின்போது கணினி திணறாமல் இருப்பதே முக்கியம். ‘காட்சி’ப் பக்கத்தில் நொடிக்கு 30 சட்டகங்கள் பாடங்களுக்கும் செயல்விளக்கங்களுக்கும் தாராளமாகப் போதும், விளையாட்டுக்கு 60 வேண்டும்.

பெட்டி எம்கேவியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பிறகு மாற்றும் வேலை மிச்சம் என்று நினைத்து எம்பி4-ஆகவே ஒரு பாடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். 50 நிமிடம் ஆன பிறகு மின்சாரம் நின்றது. வட்டில் ஒரு கிகாபைட்டுக்கு மேல் கோப்பு இருந்தது, ஆனால் எந்த இயக்கியும் அதைத் திறக்கவில்லை. எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை, வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. பதிவு முறையாக முடியாவிட்டால் அட்டவணை இல்லை, அட்டவணை இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் பைட்டுகளின் குவியல். எம்கேவி சிறு சிறு கொத்துகளாக எழுதிக்கொண்டே போவதால், பாதியில் நின்றாலும் அதுவரை பதிவானது கிடைத்துவிடும். 2024-இல் வந்த ஓபிஎஸ் 30.2 பதிப்பில் இந்தக் குறையைத் தீர்க்கும் கலப்பு எம்பி4 என்ற வடிவமும் சேர்ந்திருக்கிறது. இருந்தாலும் நான் இன்னும் எம்கேவியை விடவில்லை.

ஒலிக்கு நேரம் ஒதுக்குங்கள். மங்கலான காட்சியைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட இரைச்சலான குரலைப் பொறுப்பதில்லை. ஓபிஎஸ்ஸின் ஒலிமானியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பகுதிகள் இருக்கும். மஞ்சள் -20 டெசிபலில் தொடங்கி -9 வரை செல்கிறது. இயல்பாகப் பேசும்போது உங்கள் குரல் மஞ்சளில் ஆட வேண்டும், சிவப்பைத் தொடலாகாது. மின்விசிறிச் சத்தம் கேட்டால் ஒலிவாங்கியின் வடிகட்டிகளில் இரைச்சல் குறைப்பைச் சேர்த்து, அதில் ஆர்என்நாய்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். வெளியீட்டுப் பக்கத்தை விரிவான நிலைக்கு மாற்றினால் ஆறு ஒலித்தடங்கள் வரை கிடைக்கும். ஒலிவாங்கியை ஒரு தடத்திலும் கணினியின் ஒலியை மற்றொரு தடத்திலும் வைத்தால், இடையில் ஏதேனும் அறிவிப்பு மணி ஒலித்தாலும் பின்னர் அதை மட்டும் நீக்க வழியிருக்கும்.

உண்மையான பதிவுக்கு முன்பு 30 நொடி சோதனைப் பதிவு எடுத்து, அதைத் திறந்து, காதணி மாட்டிக் கேட்டுவிடுங்கள். ஒலிவாங்கி ஊமையாக இருந்ததை ஒரு மணிநேரம் பேசிய பிறகு கண்டுபிடிப்பது எல்லோருக்கும் ஒரு முறையாவது நேர்கிறது.

மூன்றாம் படி: மாற்றுதல்

மாற்றுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எஃப்எஃப்எம்பெக்குடன் சேர்ந்தே வரும் எஃப்எஃப்புரோப் என்ற கருவியின் பெயரை எழுதி, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொரு தடமும் ஒரு வரியாக வரும்: காட்சி எச்.264, 1920-க்கு 1080, நொடிக்கு 30 சட்டகம். ஒலி ஏஏசி, 48000 ஹெர்ட்ஸ் என்பதுபோல. முனையம் வேண்டாமென்றால் விஎல்சியில் கன்ட்ரோல் விசையுடன் ஜே எழுத்தை அழுத்தினால் அதே விவரம் கிடைக்கும்.

உள்ளே எச்.264-உம் ஏஏசியும் இருக்கின்றன, பெட்டி மட்டும் எம்பி4 ஆக வேண்டும் என்றால், கட்டளை இவ்வளவுதான்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாடம்.எம்கேவி -மேப் 0 -சி காப்பி பாடம்.எம்பி4

‘-ஐ’ என்பது உள்ளீட்டைக் குறிக்கிறது. ‘-சி காப்பி’ என்பது தடங்களை அவிழ்க்காமல் அப்படியே எடுத்து வை என்ற ஆணை. ‘-மேப் 0’ என்பதை மறந்துவிடாதீர்கள்; அது இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் ஒரு காட்சித்தடத்தையும் ஒரே ஓர் ஒலித்தடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நீங்கள் பாடுபட்டுத் தனியாகப் பதிவு செய்த இரண்டாம் தடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஒரு மணிநேரக் கோப்பும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஓபிஎஸ்ஸின் கோப்புப் பட்டியலிலேயே பதிவுகளைப் பெட்டி மாற்றும் வசதியும் இருக்கிறது. அது செய்வதும் இதையேதான்.

தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வேண்டாத பகுதியை வெட்டுவதற்கும் மறுசுருக்கம் தேவையில்லை. லாஸ்லெஸ்கட் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. ஆனால் நீங்கள் குறித்த நொடியில் துல்லியமாக வெட்டு விழாது. சுருக்கப்பட்ட காணொளியில் முழுப்படமாகச் சேமிக்கப்படுவது இடையிடையே வரும் முதன்மைச் சட்டகங்கள் மட்டுமே; மற்றவை முன்பின் சட்டகங்களிலிருந்து மாறியதை மட்டும் சொல்பவை. எனவே வெட்டின் தொடக்கம் அருகிலுள்ள முதன்மைச் சட்டகத்துக்கு நகர்ந்துவிடும். இரண்டொரு நொடி முன்பின் ஆனாலும் பாதகமில்லை என்றால் இதுவே சிறந்த வழி.

இனி மறுசுருக்கம். அனுப்புவதற்குக் கோப்பு பெரிதாக இருக்கிறது, அல்லது கருவி அந்தக் கோடெக்கை ஏற்கவில்லை என்ற நிலையில்தான் இங்கே வர வேண்டும்.

எஃப்எஃப்எம்பெக் -ஐ பாடம்.எம்கேவி -சி:வி லிப்எக்ஸ்264 -சிஆர்எஃப் 22 -ப்ரீசெட் ஸ்லோ -பிக்ஸ்_எஃப்எம்டி ஒய்யுவி420பி -சி:ஏ ஏஏசி -பி:ஏ 128கே -மூவ்ஃபிளாக்ஸ் +ஃபாஸ்ட்ஸ்டார்ட் சிறிது.எம்பி4

நீளமாக இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம்; இதில் நீங்கள் தொட வேண்டியவை இரண்டே இரண்டு. ‘சிஆர்எஃப்’ என்பது தர எண். எக்ஸ்264-இல் வழக்கமான காட்சிகளுக்கு அது 0 முதல் 51 வரை செல்லும், இயல்புநிலை 23. எண் கூடக்கூடத் தரம் குறையும், கோப்பு சிறுக்கும். ஆறு எண் கூட்டினால் அளவு ஏறத்தாழப் பாதியாகும். 18-இலிருந்து 26-க்குள் உங்களுக்கான எண் இருக்கும். ‘ப்ரீசெட்’ என்பது பொறுமையின் அளவு: மெதுவானதைத் தேர்ந்தெடுத்தால் அதே தரத்துக்குக் கோப்பு இன்னும் சிறிதாகும், நேரம் கூடும். மற்றவை பாதுகாப்புக்கு. ஒய்யுவி420பி என்ற வண்ண அமைப்பை வலியுறுத்தாவிட்டால், சில திரைப்பதிவுகளிலிருந்து வரும் கோப்பு கணினியில் ஓடும், தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ ஓடாது. ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ என்பது மேலே சொன்ன அட்டவணையைக் கோப்பின் முன்னே கொண்டுவந்து வைக்கிறது. இணையத்தில் ஏற்றினால் முழுவதும் இறங்கும் முன்பே ஓடத் தொடங்கும்.

எந்த எண் சரி என்று தெரிய முழுக் கோப்பையும் மாற்றிப் பார்க்க வேண்டாம். ‘-ஐ’-க்கு முன்னால் ‘-எஸ்எஸ் 00:10:00 -டி 60’ என்று சேர்த்தால் பத்தாம் நிமிடத்திலிருந்து 60 நொடி மட்டும் மாறும். 20, 23, 26 என்று மூன்று துண்டுகள் செய்து, சிறிய எழுத்துகள் உள்ள இடத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். திரைப்பதிவில் பெரும்பகுதி அசையாமல் இருப்பதால் எண்ணைக் கூட்டினாலும் கோப்பளவில் நீங்கள் எதிர்பார்க்கும் அளவு குறைவு இருக்காது. எழுத்தோரங்கள் மட்டும் கலங்கிப்போகும். ஆகவே திரைப்பாடங்களுக்கு நான் 20-ஐத் தாண்டுவதில்லை.

காட்சியின் அளவைக் குறைக்க ‘-விஎஃப் ஸ்கேல்=1280:-2’ என்று சேர்க்கலாம். அந்த -2 எதற்கு என்று கேட்கலாம். அகலத்துக்கு ஏற்ற உயரத்தை நீயே கணக்கிட்டுக்கொள், ஆனால் அது இரட்டைப்படையாக இருக்கட்டும் என்பதே அதன் பொருள். ஒய்யுவி420பி அமைப்பில் நிறத் தகவல் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகச் சேமிக்கப்படுவதால், அகலமோ உயரமோ ஒற்றைப்படையாக வந்தால் எக்ஸ்264 “இரண்டால் வகுபடவில்லை” என்று சொல்லி நின்றுவிடும். ஏதோ ஒரு சாளரத்தை மட்டும் பதிவு செய்த கோப்புகளில் இது அடிக்கடி நேரும்.

கட்டளைகள் பிடிக்காதவர்களுக்கு ஹேண்ட்பிரேக். கோப்பைத் திறந்து, முன்னமைவுகளில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்பதைத் தேர்ந்தெடுத்து, தர வழுக்கியைச் சரிசெய்து தொடங்கினால் போதும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ஹேண்ட்பிரேக் காட்சியை எப்போதும் மறுபடி சுருக்கவே செய்யும். பெட்டியை மட்டும் மாற்றும் வேலைக்கு அதைத் திறக்காதீர்கள். மேலும் அது கறுப்பு ஓரங்களைத் தானாகவே வெட்டும் வழக்கமுடையது, கரும்பின்னணி கொண்ட திரைப்பதிவில் உண்மையான பகுதியையும் ஓரமென்று எண்ணி வெட்டிவிடலாம். பரிமாணங்கள் பக்கத்தில் அதை நிறுத்திவிடுங்கள்.

ஏவி1 கோடெக்கைப் பயன்படுத்தலாமா என்றால், நீண்ட நாள் சேமிப்புக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உரிமத்தொகை கேட்காத முறை, கோப்பும் கணிசமாகச் சிறுக்கும். ஆனால் பழைய கருவிகளில் அதற்கான வன்பொருள் ஆதரவு இல்லை. யாரிடம் எந்தக் கருவி இருக்கும் என்று தெரியாமல் அனுப்பும் கோப்புக்கு எச்.264-ஐ விடப் பாதுகாப்பானது இன்றும் இல்லை.

நான்காம் படி: பார்த்தல்

விஎல்சி, 1996-இல் பாரிஸ் புறநகர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001-இல் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது. கோடெக்குகளைப் பெரும்பாலும் தன்னுடனேயே கொண்டுவருவதால், அமைப்பில் எது குறைந்தாலும் அது ஓட்டிவிடும். எம்பிவி வேறு குணம் கொண்டது: பொத்தான்கள் குறைவு, விசைப்பலகையே எல்லாம். சதுர அடைப்புக்குறி விசைகளால் வேகத்தை 10 விழுக்காடாகக் கூட்டிக் குறைக்கலாம், முற்றுப்புள்ளி விசையால் ஒவ்வொரு சட்டகமாக நகரலாம், ஷிஃப்டுடன் க்யூ அழுத்தினால் விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மூடும். மேலே ஒப்பிடச் சொன்ன மூன்று துண்டுகளைச் சட்டகம் சட்டகமாகப் பார்க்க இதைவிட வசதியான இயக்கி இல்லை. எம்பிவியின் பொறி பிடித்து, பொத்தான்களும் வேண்டுமென்றால் செல்லுலாய்ட் அல்லது ஹருணாவை நிறுவிக்கொள்ளலாம்.

காட்சி தடுமாறினால் எம்பிவியில் ஐ எழுத்தை அழுத்துங்கள். விடுபட்ட சட்டகங்களின் எண்ணிக்கை, கோடெக், வன்பொருள் உதவி இயங்குகிறதா என்பன திரையில் வரும். எம்பிவி இயல்பாக வன்பொருள் உதவியைப் பயன்படுத்துவதில்லை; கன்ட்ரோலுடன் எச் அழுத்தி இயக்கிப் பாருங்கள், தடுமாற்றம் நின்றால் அமைப்புக் கோப்பில் ‘எச்டபிள்யூடெக்=ஆட்டோ-சேஃப்’ என்று ஒரு வரி நிரந்தரமாக எழுதிவைக்கலாம்.

வசன வரிக் கோப்பு காணொளியின் அதே பெயரில், அதே கோப்புறையில் இருந்தால் இரண்டு இயக்கிகளும் தாமாகவே எடுத்துக்கொள்ளும். தமிழ் வரிகள் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ தெரிந்தால், முதலில் அந்தக் கோப்பை உரைத்திருத்தியில் திறந்து யுடிஎஃப்-8 குறிமுறையில் சேமியுங்கள்; பிறகும் கட்டங்கள் வந்தால் தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவுங்கள். வரிகள் முன்பின்னாக வந்தால் விஎல்சியில் ஜி, எச் விசைகளும், எம்பிவியில் இசட் விசையும் சிறிது சிறிதாக நகர்த்தும். உதடும் குரலும் பொருந்தாவிட்டால் விஎல்சியில் ஜே, கே விசைகள்.

மூலப் பதிவை அழிக்கும் முன்

மாற்றிய கோப்பு முழுவதும் நலமாக இருக்கிறதா என்பதை இடையிடையே தாவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எஃப்எஃப்எம்பெக்கையே முழுவதும் அவிழ்த்துப் பார்க்கச் சொல்லலாம்:

எஃப்எஃப்எம்பெக் -வி எரர் -ஐ சிறிது.எம்பி4 -எஃப் நல் -

கடைசியில் தனியாக நிற்கும் சிறு கோட்டையும் சேர்த்து எழுத வேண்டும். இந்தக் கட்டளை எதையும் எழுதாது. சட்டகங்களை அவிழ்த்து, பிழை கண்டால் மட்டும் சொல்லும். சில நிமிடங்கள் கழித்து ஒரு வரிகூட வராமல் முனையம் திரும்பிவந்தால், எஃப்எஃப்புரோப்பில் இரண்டு கோப்புகளின் மொத்த நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டு, மூல எம்கேவியை அழித்துக்கொள்ளலாம்.